பிறநாட்டு உதவியும் பாலமுனைக் கரையும்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் வீதியில், நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்ததும் பாலமுனை வருகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். கரைவலை இழுப்போரும் வேளாண்மை செய்வோரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் நின்று தொழும் ஊர் அது. உலக அரசியலைப் பேசுவோர் இவ்வூரின் பெயரை உச்சரிப்பது அரிது. ஆயினும், செல்வ நாடொன்று வறிய நாடொன்றுக்குக் கொடுக்கும் உதவி எவ்வாறு புறப்படுகிறது, எங்கே தங்குகிறது, யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அறிய விரும்புவோர்க்கு இக்கரையைப் போன்ற பாடசாலை வேறில்லை.

ஊருக்கு வடக்கே, அயலூரான ஒலுவிலில், டென்மார்க்கு நாட்டின் கடனுதவியால் எழுந்த துறைமுகம் நிற்கிறது. தெற்கே சில மைல் தூரத்தில், அக்கரைப்பற்றைச் சேர்ந்த நுரைச்சோலையில், சவூதி அரேபியாவின் நன்கொடையால் எழுந்த வீட்டுத் திட்டம் நிற்கிறது. மேற்கே, நிலம் மலையை நோக்கி உயரும் இடத்தில், கல்லோயாவின் நீரைத் தேக்கிய சேனநாயக்க சமுத்திரமும் அதன் வாய்க்கால்களும் இருக்கின்றன. அவ்வாய்க்கால்களில் ஒரு பகுதி அமெரிக்க உதவியால் செப்பனிடப்பட்டது. இம்மூன்றின் வரலாறும் மூன்று விதமானது. அவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?” என்பது நம்மவர் பழமொழி. கொடுத்ததைக் குறை கூறலாகாது என்பது அதன் கருத்து. ஆயின், இலங்கைக்கு வரும் பிறநாட்டு உதவியில் பெரும்பகுதி தானமன்று. இனாமாக வரும் பணம் சிறு பங்கு. குறைந்த வட்டிக்கோ வட்டியின்றியோ வரும் கடன் பெரும் பங்கு. அக்கடனையும், கொடுத்த நாட்டின் நிறுவனத்தைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுப்பது பல நாடுகளின் வழக்கம். ஆகவே, கொடுத்த மாட்டின் விலையையும் நாமே இறுக்க வேண்டியிருக்கிறது; அதன் கயிறும் கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது. அத்தகைய மாட்டின் பல்லைப் பார்ப்பதில் தவறில்லை.

இன்னுமொன்று. பிறநாட்டு உதவி மக்களிடமிருந்து மக்களுக்கு வருவதன்று. அரசிடமிருந்து அரசுக்கு வருவது. கொடுக்கும் அரசுக்குத் தன் நோக்கம் உண்டு. பெறும் அரசுக்கும் தன் நோக்கம் உண்டு. இரண்டு நோக்கங்களும் சந்திக்கும் இடத்தில் உடன்படிக்கை பிறக்கிறது. அவ்விடத்தில் கடற்கரை வாசிக்கு ஆசனம் இடப்படுவதில்லை.

கொடுப்போரின் நோக்கத்துக்கு இலங்கையின் வரலாறே சான்று பகரும். 1950ஆம் ஆண்டு ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடி, பின்னர் ‘கொழும்புத் திட்டம்’ எனப் பெயர்பெற்ற உதவி ஏற்பாட்டுக்கு வித்திட்டனர். ஆசிய மக்களின் வறுமையை நீக்குதல் அதன் வெளிப்படையான இலட்சியம். பொதுவுடைமை பரவாமற் காத்தல் அதனோடு கலந்திருந்த எண்ணம். 1952ஆம் ஆண்டில் இலங்கை, சீனத்துக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெறும் ஒப்பந்தத்தைச் செய்தபோது, அமெரிக்கா அதனைப் பொறுக்கவில்லை. சில ஆண்டுகள் வரை உதவியை நிறுத்தி வைத்தது. 1962இல் இலங்கை அரசாங்கம் வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களைச் சுவீகரித்தது. நட்டஈடு உரிய காலத்திற் கொடுக்கப்படவில்லை எனக் கூறி, 1963ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கா மீண்டும் உதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறி, நட்டஈடு பற்றிய இணக்கம் ஏற்பட்ட பின்னரே அது மீண்டும் தொடங்கிற்று. அந்நாளில் இலங்கையில் பாராளுமன்ற ஆட்சி நன்கு நடைபெற்றது. தேர்தலால் அரசாங்கங்கள் மாறின. ஆனால், உதவியை நிறுத்துவதற்கும் தொடங்குவதற்கும் அது அளவுகோலாகவில்லை. அளவுகோல் அரிசியும் எண்ணெயுமே.

பின்னர் வந்த காலம் இதற்கு மறுதலையானது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நிறைவேற்று அதிகாரத்தை ஜனாதிபதி ஒருவர் கையில் குவித்தது. 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1982ஆம் ஆண்டு டிசம்பரில், பொதுத் தேர்தலை நடத்துவதற்குப் பதிலாக, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பதற்கு ஒப்பம் கோரும் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. இவையெல்லாம் நடைபெற்ற அதே ஆண்டுகளிலேதான் உதவி பெருவெள்ளமாக வந்தது. மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணையைப் பிரித்தானியாவும், கொத்மலை அணையைச் சுவீடனும், மாதுறு ஓயா அணையைக் கனடாவும், ரந்தெனிகலை அணையை மேற்கு ஜெர்மனியும் தாங்கி நின்றன. முப்பது ஆண்டுகளில் முடிக்க எண்ணிய திட்டம் ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன; உயிர்கள் மாண்டன. எனினும் அணைகளின் வேலை நிற்கவில்லை. சந்தை திறந்திருந்தது, அரசு மேற்குலகின் நண்பனாயிருந்தது, அது போதுமானதாயிற்று.

இது இலங்கைக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆபிரிக்காவில் சயீர் எனப் பெயர் பெற்றிருந்த நாட்டை 1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு, பனிப்போர்க் காலம் முழுவதும் மேற்கு நாடுகளின் உதவியைப் பெற்றார். நாடு வறுமையில் ஆழ்ந்தது. அவர் மாளிகைகள் உயர்ந்தன. இந்தோனேசியாவின் சுகார்த்தோ மற்றொரு பாடத்தைக் கற்பித்தார். 1991ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்குத் திமோரின் டிலி நகரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒல்லாந்து கண்டித்தபோது, அந்நாட்டின் உதவியே வேண்டாம் என்று 1992இல் அவர் மறுத்துவிட்டார். ஏனைய நாடுகள் அவ்விடத்தை நிரப்பின. ஒரு வாசல் அடைபட்டால் மறுவாசல் திறக்கும் என்பதை அறிந்த ஆட்சியாளனுக்கு நிபந்தனை ஒரு தளையாகாது.

இனி, பாலமுனைக் கரைக்குத் திரும்பலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராகக் கரை வெறுமையாயிற்று. உலகம் இரங்கியது, பணமும் பண்டமும் குவிந்தன. அவ்வுதவி இல்லாதிருந்தால் பல்லாயிரவர் பட்டினியாலும் நோயாலும் மடிந்திருப்பர். பிறநாட்டு உதவியைப் பழிப்போர் முதலில் இவ்வுண்மைக்குத் தலைவணங்க வேண்டும்.

ஆனால், கஞ்சியும் கூடாரமும் கொடுக்கும் நாள் கழிந்து, வீடும் காணியும் கொடுக்கும் நாள் வந்தபோது அரசியல் உள்ளே நுழைந்தது. கரையிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசாங்கம் எல்லை வகுத்தது. கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் அம்பாறைக் கரை மக்களுக்கு, 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதி. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. அதுவரை வீடிழந்தோர் காத்திருந்தனர்.

உதவியைப் பங்கிடுவதற்கென 2005ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் ஒரு பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. உதவி வழங்கும் நாடுகள் அதனை ஊக்குவித்தன. பேரலையால் பெரிதும் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்குப் பிராந்தியக் குழுவில் மூன்று ஆசனங்கள் குறிக்கப்பட்டிருந்தன; ஆனால் உடன்படிக்கையில் அவர்கள் ஒப்பமிடும் தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. எவர் பொருட்டு உடன்படிக்கை எழுதப்பட்டதோ அவருள் ஒரு பெருங்கூட்டத்தாரிடம் கேளாமலே அது எழுதப்பட்டது. ஜூலை 15ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய வாசகங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு செயற்படாமலே ஒழிந்தது.

நுரைச்சோலை வீடுகளின் கதை இதனிலும் துயரமானது. பேரலையால் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென 500 வீடுகள், பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தை ஆகியவற்றுடன் சவூதி அரேபிய நன்கொடையால் எழுந்தன. கொடுத்தவர் மனம் குறித்தது ஒரு சமூகத்தை. அரச காணியிலுள்ள வீடுகளை ஒரு சமூகத்துக்கு மட்டும் வழங்கலாகாது என வழக்குத் தொடரப்பட்டது. பங்கீடு நிறுத்தப்பட்டது, எல்லாச் சமூகங்களுக்கும் பங்கிட வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. அதன்பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வீடுகள் பூட்டிக் கிடந்தன. புதர் மண்டியது, கதவும் கூரையும் சிதைந்தன. எவ்வினத்தாரும் குடியேறவில்லை. கொடுத்தவர்க்கும் குறைவில்லை, ஆண்டவர்க்கும் குறைவில்லை. குறைந்தவர், தம் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று நம்பித் தற்காலிகக் குடிசையில் இருந்தவர்களே. சமூகங்களுக்கிடையே நியாயமான பங்கீடு வேண்டும் என்ற கோரிக்கை தவறானதன்று. அதனை அத்திவாரம் இடுமுன் பேசித் தீர்க்காமல், சாவி கொடுக்கும் நாளில் எழவிட்டதே தவறு.

ஒலுவில் துறைமுகம் இக்கரையின் நெடுங்கனவு. கல்முனையில் வளர்ந்து, 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரான எம். எச். எம். அஷ்ரப் அவர்கள், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் இத்துறைமுகத்தையும் ஒலுவிலில் அமைக்க முயன்றார். பல்கலைக்கழகம் அவர் காலத்திலேயே மலர்ந்தது. 2000ஆம் ஆண்டு செப்தெம்பரில் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். துறைமுக வேலை 2008இல், டென்மார்க்கின் ஏறத்தாழ 46 மில்லியன் யூரோ வட்டியில்லாக் கடனுடன், அந்நாட்டு நிறுவனமொன்றால் தொடங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு செப்தெம்பர் முதலாந் திகதி ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அதனைத் திறந்து வைத்தார்.

திறப்பு விழா சிறப்பாக நடந்தது. கடலோ விழாவுக்கு வரவில்லை. கிழக்குக் கரையில் அலை மணலை ஏந்திச் செல்லும் இயல்பு கரைவலைக்காரர் அனைவரும் அறிந்தது. கடலுக்குள் நீட்டிய கல்லணைகள் அவ்வோட்டத்தை மறித்தன. வர வேண்டிய மணல் வாராமையால், துறைமுகத்துக்கு வடக்கே கரையைக் கடல் அரித்தது, தென்னைகள் வீழ்ந்தன, வலையிழுக்கும் பாடுகள் மறைந்தன. மறிபட்ட மணல் துறைமுக வாயிலை அடைத்தது. வாணிபக் கப்பல்கள் வந்து செல்லும் துறையாக அது ஒருநாளும் ஆகவில்லை. பின்னர் மீன்பிடிப் படகுகளும் உள்ளே நுழைய முடியாமற் போயிற்று. வாயிலைத் தோண்டித் தருக எனப் படகுக்காரர் கேட்டனர். கரையைக் காக்காமல் தோண்டலாகாது எனக் காணியிழந்தோர் தடுத்தனர். இருசாராரும் ஏழைகள், இருசாராரும் ஒரே கரையினர். கடனாக வந்த பணம், அயலானை அயலானுக்கு எதிரே நிறுத்திவிட்டது.

இத்துறைமுகத்தை எவரும் தீயநோக்குடன் கட்டினர் என்று கூறுதல் நியாயமன்று. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கொடுத்த நாட்டுக்கு, வேலை முடிந்தது என்ற அறிக்கை கிடைத்தது. பெற்ற அரசுக்கு, பெயர் பொறித்த கல் கிடைத்தது. திட்டத்தை அலுவலகத்தில் வரைந்தோர், கரைவலைச் சம்மாட்டியிடம் மணல் எத்திசைக்குப் போகிறது என்று கேட்க வேண்டிய கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. கேளாமற் செய்ததற்காக எவரும் பதவியிழக்கவும் இல்லை.

அக்காலத்தின் நாட்டு அரசியலையும் இங்கே நினைவு கூர்தல் வேண்டும். 2009இல் போர் முடிந்தது. 2010ஆம் ஆண்டு செப்தெம்பர் 8ஆந் திகதி நிறைவேறிய 18ஆவது திருத்தம், ஒருவர் இருமுறைக்கு மேல் ஜனாதிபதிப் பதவிக்கு வரலாகாது என்ற வரம்பை நீக்கி, சுயாதீன ஆணைக்குழுக்களின் வலிமையையும் குறைத்தது. அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்களுள், இக்கரையின் வாக்குகளால் வளர்ந்த ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரசின் உறுப்பினர்களும் இருந்தனர். அதிகாரம் ஓரிடத்திற் குவிந்தால் அதனருகே நிற்பதே தம் மக்களுக்கு நன்மை என்று அவர்கள் கருதியிருக்கலாம். ஆனால் குவிந்த அதிகாரத்தினருகே நிற்பவன் கேட்டுப் பெறலாமேயன்றிக் கணக்குக் கேட்க முடியாது.

அங்ஙனமாயின், எதேச்சாதிகாரப் போக்குடைய அரசுக்கு உதவியையே நிறுத்திவிடுதல் பரிகாரமாகுமா? அதையும் இலங்கை கண்டிருக்கிறது. மனித உரிமை உடன்படிக்கைகள் பேணப்படவில்லை எனக் காரணங்காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் ‘ஜீ.எஸ்.பி. பிளஸ்’ என்னும் தீர்வைச் சலுகையை 2010ஆம் ஆண்டு ஓகஸ்டு 15ஆந் திகதி முதல் நிறுத்தியது. அச்சலுகையால் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை பெற்றிருந்தவர் அமைச்சர்களின் பிள்ளைகள் அல்லர். கிராமத்து ஏழைப் பெண்கள். அரசு தன் போக்கை மாற்றவில்லை. சீனத்தின் கடனை நாடிற்று. 2010இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகமும் ஏனைய பெரு வேலைகளும் அவ்வழியில் வந்தன. அத்துறைமுகம் 2017இல் சீன நிறுவனமொன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. ஐரோப்பியச் சலுகையும் அதே ஆண்டில், ஆட்சி மாறிய பின்னர், திரும்பக் கிடைத்தது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது என்று நாடு கைவிரித்தது. அதன் சுமை எரிபொருள் வரிசையிலும், பசளை கிடையாத வயலிலும், கடலுக்குப் போக எண்ணெயில்லாத தோணியிலும் இறங்கிற்று.

எனவே, கொடுப்பதா நிறுத்துவதா என்னும் வினா முழுமையானதன்று. கொடுத்தாலும் ஆட்சியாளன் கை வலுக்கிறது; நிறுத்தினாலும் ஏழையின் வயிறு சுருங்குகிறது. கேட்க வேண்டிய வினா யாதெனில், வந்த பணம் யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதே.

இதற்கு விடை தருவது மூன்றாவது சான்றான கல்லோயாவாகும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெரும் நீரைத் தந்தது. அதனுடன் குடியேற்றத்தையும், இனங்களுக்கிடையே ஆறாத மனக்கசப்பையும் தந்தது. 1956இல் அங்கே இரத்தம் சிந்தியது. மூன்று தசாப்தங்களுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் பாழடைந்தன. தலைவாய்க்காலில் இருப்போர் நீரைத் தேக்கினர். கடைமடையில் இருப்போர் காய்ந்தனர். தலைப்பகுதியில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களவர். கடைமடையில் தமிழ் பேசுவோர் பலர். 1979இல் அமெரிக்க உதவியுடன் புனரமைப்புத் தொடங்கியபோது, கொர்னெல் பல்கலைக்கழகத்தாரும் இலங்கையின் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகத்தாரும் ஒரு புதுமுறையைக் கையாண்டனர். படித்த இளைஞர்களை ஊர்களிற் குடியிருத்தி, ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் விவசாயிகளின் சிறு குழுக்களைக் கூட்டினர். எங்கே உடைப்பு, எங்கே களவு என்பதை விவசாயிகளிடமே கேட்டனர். 1981ஆம் ஆண்டு சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. அவ்வேளையில் தலைப்பகுதி விவசாயிகள் தாமே முறை வகுத்து, மிச்சப்படுத்திய நீரைக் கடைமடைக்கு இறக்கிவிட்டனர். சிங்களவர் வயலைக் கடந்து தமிழர் வயலுக்கு நீர் பாய்ந்தது. அதுவும் உதவிப் பணமே. அதே அரசின் காலமே. வேறுபாடு ஒன்றுதான். பணம் வாய்க்காலடிக்கு வந்து கணக்குச் சொல்லிற்று.

இக்கரை மக்களுக்கு இது புதிய தத்துவமன்று. சக்காத்து என்பது ஏழைக்குச் செய்யும் தயவு அன்று. செல்வத்தில் ஏழைக்குள்ள உரிமை. அதனைக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசலாகாது. யார் யாருக்கு உரியது என்பதும் முன்னரே வகுக்கப்பட்டிருக்கிறது. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது, ஊரார் காணவே அது பிரிக்கப்படுகிறது. பள்ளிவாசல் நிருவாகிகள் அதனைப் பங்கிட்டால், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின் எவனும் எழுந்து கணக்குக் கேட்கலாம். ஒரு சிற்றூர் தன் நெல்லுக்கு வைத்திருக்கும் இம்முறையை, நாடுகள் தம் கோடிகளுக்கு வைத்துக் கொள்ளாமை வியப்புக்குரியது.

உதவி உடன்படிக்கை ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். அத்திவாரம் இடுமுன், அந்நிலத்திலும் அக்கடலிலும் வாழ்வோர் சொல் கேட்கப்பட்டு, அது எழுத்தில் பதியப்படல் வேண்டும். தீங்கு நேர்ந்தால் நட்டஈடு கொடுப்பது யார் என்பது உடன்படிக்கையிலேயே குறிக்கப்படல் வேண்டும்; கொடுக்கும் நாடும் அப்பொறுப்பிற் பங்கேற்றல் வேண்டும். 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்குப் பின்னர் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படாமல் விடப்பட்டது போன்ற நிலை நீடிக்கும் வரை, இவற்றைக் கேட்பதற்கு மக்களுக்கு அருகே ஓர் அவை இல்லை. எனவே, தேர்தலைக் கேட்பதும் உதவியை ஒழுங்குபடுத்தும் வேலையே.

கொடுப்பவர் தூரத்தில் இருக்கிறார். ஆள்பவர் உயரத்தில் இருக்கிறார். கரையில் இருப்பவர் கரைவலைக்காரர். மணல் எத்திசைக்குப் போகும் என்பதை அறிந்தவரும் அவரே. அது போய்விட்டால் வாழ்விழப்பவரும் அவரே. அவரைக் கேட்டுக் கல் நாட்டும் நாளில்தான், பிறநாட்டார் கொடுக்கும் பணம் உதவி என்னும் பெயருக்குத் தகுதியுடையதாகும்.